எழுபதுகளின் துருக்கி ராக்: ஒப்பாரி மாதிரியே இருக்கிறதே, எங்கிருந்து தொடங்குவது?

ராத்திரிஷிப்ட்:

மூன்று நாளாக ஒரே பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, வீட்டில் திட்டு விழ ஆரம்பித்துவிட்டது. இரவு வேலை பார்க்கும்போது யூடியூபில் எதையாவது ஓடவிட்டு மறந்துவிடுவேன், அது பாட்டுக்குத் தாவித் தாவி எங்கேயோ போய்க்கொண்டிருக்கும். போன வாரம் அப்படித் தாவியதில் ‘ஜெமாலிம்’ என்று ஒரு பாட்டு வந்தது. பாடியவர் எர்கின் கோராய், துருக்கிக்காரர், ஆல்பம் 1974. எனக்கு துருக்கி மொழியில் ஒரு சொல் தெரியாது. துருக்கியைப் பற்றித் தெரிந்ததே டப்பிங் சீரியல் வரைக்கும்தான்.

கிட்டார் என்னவோ மேற்கத்திய ராக்தான், அந்தக் கால ஃபஸ் என்கிற கரகரச் சத்தம், பின்னால் டிரம்ஸ். ஆனால் குரல் வந்ததும் நான் கீபோர்டில் இருந்து கையை எடுத்துவிட்டேன். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் அந்த மனிதர் குரலை இழுத்து, கொஞ்சம் நடுங்கவிட்டு, கீழே இறக்கி வைக்கிறார். எங்கள் அப்பத்தா எழவு வீட்டில் பாடுவதை நான் சின்ன வயதில் திண்ணையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன், அவளும் வரி முடிவில் இதையேதான் செய்வாள். அப்பத்தாவுக்குப் பின்னால் கிட்டார் வாசித்தால் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் இந்தப் பாட்டைப் போட்டுக் காட்டலாம்.

கேள்விக்கு வருகிறேன். இது என்ன வகை, ‘சைக்கடெலிக் ஃபோக்’ என்கிறார்களே அதுவா? எர்கின் கோராய் ஒருத்தர்தானா, இல்லை ஒரு கூட்டமே இருக்கிறதா? ஒப்பாரி மாதிரி கேட்பது என் காதுக் கோளாறா? எந்த ஆல்பத்தில் தொடங்கலாம் என்றும் சொல்லுங்கள். பெரிய பட்டியல் வேண்டாம், பட்டியல் கொடுத்தால் நான் கேட்கமாட்டேன், என்னை எனக்குத் தெரியும்.

பழையதட்டு:

காதுக் கோளாறு இல்லை நண்பரே, நீங்கள் கேட்டது ஒப்பாரியேதான். துருக்கியில் அதற்கு ‘ஆவுத்’ என்று பெயர். ‘ஜெமாலிம்’ என்றால் ‘என் ஜெமால்’. கப்பதோக்கியா பக்கம் உர்குப் என்று ஓர் ஊர். அந்த ஊர் ஜெமால் என்பவரை வழிமறித்துக் கொன்றுவிட்டார்கள், அவருடைய மனைவி பாடியதாகச் சொல்லப்படும் பாட்டு இது. முதலில் ஊரைக் கூப்பிட்டு அழுகிறாள், அப்புறம் அவன் குதிரையைச் சொல்கிறாள், பிறகு உன் மகன் சின்னப் பிள்ளை, உன் இடத்தில் நிற்க அவனால் ஆகாது என்கிறாள். எர்கின் கோராய் எழுதியதல்ல, அந்த வட்டார மக்கள் பாடிவந்தது. அவர் எடுத்து மின்சாரம் பாய்ச்சினார், அவ்வளவுதான். ஆல்பத்தின் பெயரே அதைத்தான் சொல்கிறது: ‘எலக்ட்ரானிக் துர்க்கூலர்’, அதாவது மின்னணு நாட்டுப்பாடல்கள். ‘துர்க்கு’ என்றால் நாட்டுப்பாடல்.

கூட்டமே இருக்கிறதா என்றால், பெரிய கூட்டம். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அறுபதுகளின் தொடக்கத்தில் துருக்கி வானொலியில் நாகரிகமான பாட்டு என்றால் பிரெஞ்சு, இத்தாலிய, ஆங்கில மெட்டை அப்படியே எடுத்து துருக்கி மொழியில் வரி போட்டுப் பாடுவது. ‘அரஞ்ஜ்மான்’ என்பார்கள். நமக்குப் புரியும்படி சொன்னால் டப்பிங் பாட்டு. நாட்டுப்பாடலோ கிராமத்து ஆட்களுக்கு உரியது, வானொலியில் வந்தாலும் கோட் சூட் போட்ட கோஷ்டி ஒரே சுருதியில் நின்று பாடும். இஸ்தான்புல் பிள்ளைகள் எல்விஸ் பாடிக்கொண்டிருந்தார்கள். எர்கின் கோராயே 1957ல் பள்ளிக்கூட மேடையில் அதைத்தான் பாடினார்.

1964ல் துலாய் கெர்மான் என்ற பெண் ‘புர்ச்சாக் தார்லாசி’ என்ற நாட்டுப்பாடலை மேற்கத்திய வாத்தியங்களோடு பாடி வெளியிட்டார், அது ஓடியது. அடுத்த வருடம், 1965ல், ஹுர்ரியத் பத்திரிகை ‘ஆல்டின் மிக்ரோஃபோன்’ (தங்க மைக்) என்று ஒரு போட்டி வைத்தது. விதி சுலபம்: பாட்டு துருக்கி மொழியில் இருக்க வேண்டும், வாத்தியமும் வாசிப்பும் மேற்கத்திய பாணியில் இருக்க வேண்டும். இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களை ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போய் ஜனங்களிடம் ஓட்டு வாங்கினார்கள். இஸ்தான்புல்லை விட்டு வெளியே போகாத கிட்டார் பையன்களுக்கு அனடோலியாவை (துருக்கியின் பெரும்பகுதியான ஆசியப் பக்கம்) நேரில் காட்டியது இந்தப் போட்டிதான் என்பது என் கட்சி. 1967ல் ஜெம் கராஜாவும் ‘அபாஷ்லார்’ குழுவும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கவிஞர் எம்ராவின் பாட்டை ராக் ஆக்கி இரண்டாம் இடம் வாங்கினார்கள். அதற்கப்புறம் இஸ்தான்புல்லில் கிட்டார் வைத்திருந்தவன் எல்லாம் கிராமத்துப் பாட்டைத் தேட ஆரம்பித்துவிட்டான்.

அடுத்து ‘மோவொல்லார்’ (மங்கோலியர்கள் என்று பொருள்), 1967ல் தொடங்கிய குழு. இவர்கள்தான் 1970 வாக்கில் ‘அனடோலு பாப்’ என்ற பெயரையே வைத்தார்கள். அனடோலு என்றால் அனடோலியா. பாரிசுக்குப் போய் 1971ல் பாட்டுக் குரலே இல்லாத ஒரு நாட்டுப்புற நடன ஆல்பம் போட்டு, பிரான்சின் சார்ல் க்ரோ அகாடமி பரிசையும் வாங்கிக்கொண்டு வந்தார்கள். ஜாஹித் பெர்காய் என்று ஒருவர் அந்தக் குழுவில், கம்பி கட்டிய எதைக் கொடுத்தாலும் வாசிப்பார்.

பட்டியல் வேண்டாம் என்றீர்கள், அதனால் நான்கே பெயர். நீங்கள் கேட்ட எர்கின் கோராய், அங்கே ‘எர்கின் பாபா’ என்றுதான் சொல்வார்கள், பாபா என்றால் அப்பா. பாரிஷ் மாஞ்சோ. ஜெம் கராஜா. செல்டா பாஜான். ‘எலக்ட்ரானிக் துர்க்கூலர்’ முழுவதையும் கேட்டுவிட்டு அடுத்து செல்டாவின் 1976 ஆல்பத்துக்குப் போங்கள், அதன் பெயரும் ‘செல்டா’தான். ‘இன்ஜெ இன்ஜெ’ என்று தொடங்கும் பாட்டை ராத்திரியில் ஹெட்போனில் கேளுங்கள். அமெரிக்காவில் மோஸ் டெஃப் 2009லும் டாக்டர் ட்ரே 2015லும் தங்கள் ராப்புக்கு அந்தப் பாட்டில் இருந்துதான் வெட்டி எடுத்துக்கொண்டார்கள், கேட்டால் ஏன் என்று தெரியும். ஊசி மாதிரி ஒரு சத்தம், அதன் மேல் துளியும் கெஞ்சாத குரல்.

தேடும்போது ஒரு சின்ன விஷயம். துருக்கி எழுத்தில் ஜி மேல் ஒரு பிறை போட்டிருந்தால் அதை உச்சரிக்கக் கூடாது, முன்னால் இருக்கும் எழுத்தை நீட்ட வேண்டும். நான் இரண்டு வருடம் ‘பாக்கான்’ ‘பாக்கான்’ என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன், ஒருவரும் திருத்தவில்லை.

வெட்டிப்பேச்சு:

பழையதட்டு சொல்வது எல்லாம் சரி, ஆனால் புதிதாக வருகிறவரைப் பழைய ரெக்கார்டிங்கில் தள்ளிவிட்டால் பாதிப் பேர் ஓடிவிடுவார்கள். நான் ‘ஆல்டின் குன்’ வழியாகத்தான் வந்தேன். ஆம்ஸ்டர்டாம் குழு. பேஸ் வாசிக்கும் டச்சுக்காரர் இன்னொருவருக்கு வாசிக்க இஸ்தான்புல் போன இடத்தில் இந்தப் பழைய பாட்டுகளில் மாட்டிக்கொண்டு, ஊர் திரும்பி, பாடத் தெரிந்த துருக்கிக்காரர்கள் தேவை என்று ஃபேஸ்புக்கில் விளம்பரம் போட்டுச் சேர்த்த கூட்டம். 2018ல் முதல் ஆல்பம், 2019ல் வந்த ‘கெஜெ’ கிராமி பரிந்துரை வரை போனது. சவுண்ட் சுத்தமாக இருக்கும், பேஸ் நெஞ்சில் இடிக்கும், ஆட வைக்கும். அதைக் கேட்டுவிட்டுப் பின்னோக்கிப் போகலாமே?

குழுவின் பெயரில் ஒரு வேடிக்கை உண்டு. ‘தங்க நாள்’ என்று அர்த்தம். துருக்கியில் பெண்கள் மாதம் ஒருவர் வீட்டில் கூடி, டீயும் பலகாரமும் சாப்பிட்டு, அந்த முறைக்காரிக்கு ஆளுக்கொரு தங்கக் காசு கொடுப்பார்கள். ஆக நம்மூர் மாதச் சீட்டின் பெயரில் ஒரு ராக் குழு.

பழையதட்டு:

வெட்டிப்பேச்சு, எனக்கு அந்தக் குழுவின் மேல் கோபம் ஒன்றும் இல்லை, நானும் ஆடியிருக்கிறேன். ஆனால் இவர் ஆடக் கேட்கவில்லையே, அப்பத்தா குரல் மாதிரி இருக்கிறது என்றல்லவா வந்திருக்கிறார்! ஒப்பாரியில் மாட்டிக்கொண்டு வந்தவருக்கு டான்ஸ் பாட்டு எதற்கு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், ‘சைக்கடெலிக்’ என்ற லேபிளைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். மேற்கத்திய தட்டு சேகரிப்பவர்கள் 2000க்குப் பிறகு மறுபதிப்பு போட்டபோது உறையில் ஒட்டிய சொல் அது, விற்கும் என்பதற்காக. செல்டாவின் ஆல்பத்தை பிரிட்டனில் மறுபடி அச்சிட்டது 2006ல். துருக்கியில் அந்த நாளில் அது அனடோலு பாப், அனடோலு ராக், அவ்வளவுதான், கல்யாண வீட்டிலும் லாரியிலும் ஓடிய பாட்டு. பாரிஷ் மாஞ்சோவின் ‘தாலார் தாலார்’ (மலைகளே மலைகளே) 1970ல் வந்தது, ஏழு லட்சம் தட்டுக்கு மேல் விற்றது என்று சொல்வார்கள். அதில் இருப்பது ஒரு கிட்டாரும் வில்லால் இழுக்கும் கெமென்சேயும்தான், ஃபஸ்ஸும் இல்லை ஒரு மண்ணும் இல்லை. சைக்கடெலிக் என்று தேடினால் அது கிடைக்காது, நஷ்டம் உங்களுக்குத்தான்.

எல்.பி. வாங்கும் ஆசை வந்தால் அவசரப்படாதீர்கள். அங்கே அன்று ஓடியது 45 சுற்றுச் சின்னத் தட்டுதான், பக்கத்துக்கு ஒரு பாட்டு. எழுபதுகளின் எல்.பி. பலவும் அந்தச் சின்னத் தட்டுகளைச் சேர்த்துக் கட்டியவை. ஒரிஜினல் என்று நம்பி ஒருவரிடம் நல்ல விலை கொடுத்து ஒன்று வாங்கினேன், வீட்டுக்கு வந்து பார்த்தால் உறையே கலர் ஜெராக்ஸ், உள்ளே சி.டி.யில் இருந்து எடுத்து அடித்த தட்டு. இப்போது அது என் மேசையில் காபி டம்ளருக்கு அடியில் இருக்கிறது.

நாலாங்கட்டை:

வாத்தியக்காரன் என்ற முறையில் கொஞ்சம் நுழைகிறேன். அந்தக் குரல் நெளிவு எங்கிருந்து வருகிறது என்பதற்குப் பதில் ‘பாலமா’வில் இருக்கிறது. ‘சாஸ்’ என்றும் சொல்வார்கள், தக்காளி சாஸ் அல்ல, வாத்தியம். பேரிக்காயைப் பாதியாக வெட்டிய மாதிரி வயிறு, ஒல்லியாக நீண்ட கழுத்து, வழக்கமாக ஏழு கம்பி, இரண்டு இரண்டு மூன்று என்று மூன்று கட்டாக. பாலமா என்ற பெயரே ‘கட்டு’ என்ற வினைச்சொல்லில் இருந்து வந்தது என்பார்கள், ஏனென்றால் அதன் ஃப்ரெட்டுகள் உலோகம் அடித்தவை அல்ல, நைலான் நரம்பைக் கழுத்தைச் சுற்றிக் கட்டியவை. தேவைப்பட்டால் நகர்த்திக்கொள்ளலாம். வீணையில் மெழுகில் பதித்த மெட்டு, இதில் கட்டிய மெட்டு. கிட்டாரில் ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு ஃப்ரெட் என்றால் பாலமாவில் பெரும்பாலும் பதினேழு. கூடுதலான அந்த ஐந்துதான் விஷயம். பியானோவில் இரண்டு கட்டைக்கு நடுவே விழும் சுரங்கள் அவை.

இப்போது யோசித்துப் பாருங்கள், இந்தப் பையன்கள் கையில் இருந்தது கிட்டார். அதில் அந்தச் சுரம் கிடையாது. ஆக மூன்று வழி. கம்பியை இழுத்து வளைக்கலாம். அல்லது பாடுபவர் அந்தச் சுரத்தில் நிற்க, கிட்டார் பக்கத்துச் சுரத்தில் நின்று உரசிக்கொண்டே போகலாம், அந்த உரசல்தான் உங்களை உலுக்குவதில் பாதி. மூன்றாவது, பாலமாவுக்கே பிக்கப் மாட்டி ஆம்ப்ளிஃபையரில் செருகிவிடலாம். மின்சார பாலமா என்றாலே அங்கே எர்கின் கோராய் பெயரைத்தான் சொல்வார்கள். ‘உச் ஹுரெல்’ என்று டிராப்சோன் பக்கத்து மூன்று சகோதரர்களின் குழு இருந்தது, அதில் ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய் ஒரே உடம்பில் இரண்டு கழுத்து வைத்த வாத்தியம் செய்துகொண்டார், ஒரு கழுத்து கிட்டார், இன்னொன்று சாஸ். பாட்டு நடுவிலேயே தாவுவார். படத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும், கேட்டால் வராது. இந்த நோய் இப்போது ஆஸ்திரேலியா வரை பரவியிருக்கிறது, கிங் கிஸர்ட் குழு பாலமாவைப் பார்த்துவிட்டுக் கிட்டாரில் கூடுதல் ஃப்ரெட் அடித்து 2017ல் ஓர் ஆல்பமே போட்டார்கள்.

தாளம் நமக்கு லட்டு. மேற்கத்திய ராக் காதுக்காரர்கள் ஒன்பது எண்ணிக்கையைப் பார்த்தாலே விரலை மடக்கி எண்ணுவார்கள். துருக்கிக்காரர்களின் ஒன்பது மூன்று மூன்றாகப் போவதில்லை, ‘தக தக தக தகிட’ என்று கடைசியில் ஒரு நொண்டல். அதற்குப் பெயரே ‘அக்சாக்’, நொண்டி என்று அர்த்தம். ஏழு வந்தால் ‘தக தக தகிட’, மிஸ்ர சாபுவைத் திருப்பிப் போட்ட மாதிரி, கருங்கடல் பக்கத்துப் பாட்டில் அதைத் தலைதெறிக்கும் வேகத்தில் வாசிப்பார்கள். ஐந்தும் உண்டு, கண்ட சாபு கேட்டு வளர்ந்தவருக்குத் தட்டுவதில் சிரமமே இருக்காது. எங்கள் குழு டிரம்மர், ராக் தவிர எதுவும் வாசிக்காத ஆள், மூன்று வாரம் அந்த ஒன்பதோடு மல்லுக்கட்டினார். கடைசியில் நான் கொன்னக்கோலில் சொல்லிக்கொடுத்ததும் ஒரு மதியத்தில் படிந்துவிட்டது.

இன்னும் இரண்டு சொற்கள் மட்டும். ‘உசூன் ஹவா’ என்றால் நீண்ட பாட்டு: தாளம் கிடையாது, பாடுபவர் மூச்சுதான் அளவு. நம் விருத்தம்தான், வேறு என்ன. அப்புறம் ‘மாஹ்லாஸ்’. ‘ஆஷிக்’ என்று சாஸைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் பாடித் திரிந்த கவிஞர் மரபு ஒன்று உண்டு, அவர்கள் பாட்டின் கடைசிச் சரணத்தில் தங்கள் பெயரை வைத்துக் கட்டுவார்கள். கீர்த்தனையில் வரும் முத்திரை இருக்கிறதே, அதே வேலை. அதனால் ஒரு ராக் பாட்டில் கடைசியில் சம்பந்தமில்லாமல் ஓர் ஆள் பெயர் வந்தால் குழம்ப வேண்டாம், அவர்தான் அந்தப் பாட்டை எழுதியவர்.

கொலோன்_காகம்:

தம்பி, நான் இந்தப் பக்கத்துக்கு எழுதுவது குறைவு, வாசிப்பதோடு சரி. இந்தத் தலைப்பைக் கண்டதும் விட மனம் வரவில்லை. நான் 1986இல் ஜெர்மனிக்கு வந்தவன். இங்கே எனக்குக் கிடைத்த முதல் வேலை ஓர் உணவகத்தின் குசினியில், பாத்திரம் கழுவுவது. சமையற்காரர் துருக்கிக்காரர், சிவாஸ் பக்கத்தவர். எல்லோரும் அவரை ‘உஸ்தா’ என்று கூப்பிடுவார்கள், எங்கள் ஊரில் மேசன்மாரையும் மெக்கானிக்மாரையும் மேஸ்திரி, பாஸ் என்று கூப்பிடுவதுபோல. அவருக்கும் எனக்கும் பொதுவாய் இருந்தது நாற்பது ஜெர்மன் சொற்கள். மிச்சத்தை ஒரு கேசட் பிளேயர் பார்த்துக்கொண்டது.

துருக்கியும் மேற்கு ஜெர்மனியும் ஆள் எடுப்பதற்கு ஒப்பந்தம் போட்டது 1961இல். அப்படி வந்தவர்கள் கேட்பதற்கென்றே கொலோனில் ‘துர்க்யுயோலா’ என்ற ரெக்கோர்ட் கம்பனி அறுபதுகளிலேயே தொடங்கிவிட்டது. நான் வந்தபோது துருக்கிக் கடையில் வெங்காயத்துக்குப் பக்கத்தில் கேசட் அடுக்கியிருக்கும். இன்று நீங்கள் ‘அபூர்வம்’ என்று தேடுகிற பாட்டுகளை நான் உள்ளிப்பூண்டு உரித்துக்கொண்டு கேட்டேன். அவை அபூர்வம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

உஸ்தா அதிகம் போட்டது ஜெம் கராஜாவை. ‘தாமிர்ஜி சிராவு’ என்று ஒரு பாட்டு, 1975இல் வந்தது. வாகனம் திருத்துகிற கராஜில் வேலை பழகுகிற பொடியன் ஒருவன். கார் திருத்த வந்த பணக்காரப் பெட்டையில் மனம் போய்விடுகிறது. அவன் கதைப் புத்தகங்கள் வாசிக்கிறவன், அதில் இப்படியெல்லாம் நடக்குமல்லவா. அடுத்த நாள் நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு நிற்கிறான், அவள் வந்ததும் கார்க் கதவைத் திறந்துவிடுகிறான், அவள் யார் இந்த ஊத்தையன் என்று பார்க்கிறாள். அப்போது கராஜ் உஸ்தா வந்து முதுகில் தட்டி, புத்தகத்தை மற, நீ தொழிலாளி, போய் வேலை உடுப்பைப் போடு என்கிறார். அவ்வளவுதான் கதை. தமிழ்ப் படம் என்றால் இடைவேளைக்கு முன்னமே இரண்டு பேரும் சுவிற்சர்லாந்தில் ஆடியிருப்பார்கள். எங்கள் உஸ்தா எனக்கு இந்தப் பாட்டைக் கை பாஷையில் விளங்கப்படுத்தினார். கார்க் கதவுக்கு ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து காட்டினார்.

அந்த நேரம் ஜெம் கராஜாவே ஜெர்மனியில்தான் இருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். 1979இல் இங்கே வந்தார், அடுத்த வருடம் செப்டம்பர் 12ஆம் தேதி அங்கே இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அவரைத் திரும்பி வரச் சொன்னார்கள், போகவில்லை, 1983இல் குடியுரிமையைப் பறித்துவிட்டார்கள். இங்கே இருந்துகொண்டு ஜெர்மன் மொழியில் ஓர் ஆல்பமும் செய்தார், தலைப்பே இங்குள்ளவர்கள் எங்களைப் போன்றவர்களைத் திட்டுகிற சொல். 1987இல்தான் ஊருக்குப் போனார். செல்டா போகாமல் அங்கேயே இருந்தவர், 1981க்கும் 1984க்கும் இடையில் மூன்று தரம் மறியலில் (சிறையில்) போட்டார்கள், கடவுச்சீட்டையும் 1987 வரைக்கும் கொடுக்கவில்லை. இந்த இசை ஏன் எண்பதோடு நின்றது என்று யாராவது கேட்டால் நான் முதலில் இதைத்தான் சொல்வேன். கேசட் வந்தது, அரபெஸ்க் என்கிற அரபுச் சாயல் சோகப் பாட்டு பெருகியது, டிஸ்கோ வந்தது, அவையும் காரணம்தான். ஆனாலும் பாடுகிறவன் மறியலிலும் வெளிநாட்டிலும் இருந்தால் யார் பாடுவது. இதை எங்கள் ஆட்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

மேலே ஒருவர் செல்டாவின் ‘இன்ஜெ இன்ஜெ’ என்று எழுதியிருந்தார். அதை எழுதியவர் மாஹ்சுனி ஷெரிஃப், துருக்கியின் முஸ்லிம் சிறுபான்மைப் பிரிவான அலெவி மரபில் வந்த ஆஷிக். ஏழைகளின் மேல் மெல்ல மெல்லப் பனி பெய்கிறது என்கிற பாட்டு. அலெவிகள் சாஸைக் ‘கம்பி கட்டிய குர்ஆன்’ என்பார்கள், அவர்களுடைய வழிபாட்டில் சாஸ் இல்லாமல் ஒன்றும் இல்லை. உஸ்தாவும் அலெவிதான், வாத்தியத்தை எடுப்பதற்கு முன்னம் முத்தம் கொடுத்து நெற்றியில் வைப்பார். மாஹ்சுனி 2002 மே மாதம் இந்தக் கொலோனில்தான் இறந்தார். அப்போது உஸ்தா சொந்தக் கடை வைத்திருந்தார், அன்று திறக்கவில்லை. கதவில் ஒரு படமும் கறுப்பு ரிப்பனும். நான் ஒரு வட்டப் பெட்டி பக்லாவாவோடு போனேன், செத்த வீட்டுக்கு இனிப்பு கொண்டுபோகலாமோ தெரியாமல் வாசலில் நின்றது நினைவு.

வெட்டிப்பேச்சு:

கொலோன் அண்ணா, இதைப் படித்த பிறகு என் ‘சுத்தமான சவுண்ட்’ வாதத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஃப்ரிட்ஜ் கதவு ஒன்று போதும்.

ஒரு சந்தேகம். பாரிஷ் மாஞ்சோவும் இதே மாதிரி மாட்டினாரா? அவரைப் பற்றி யாருமே ஒன்றும் சொல்லவில்லை.

பழையதட்டு:

இல்லை, அவர் பாதை வேறு. பெல்ஜியத்தில் லியேஜ் நகரில் ஓவியம், வடிவமைப்பு படித்தவர். நீளத் தலைமுடி, தொங்கு மீசை, விரலுக்கு ஒரு மோதிரம். 1972ல் அவர் சேர்த்த குழுவின் பெயர் ‘குர்தாலான் எக்ஸ்பிரஸ்’, அன்று இஸ்தான்புல்லில் இருந்து தென்கிழக்கே கடைசி ஸ்டேஷன் வரை போன ரயிலின் பெயர். பெயரிலேயே எந்தப் பக்கம் போகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். 1975ல் ‘2023’ என்று ஓர் ஆல்பம் போட்டார், குடியரசு தொடங்கி நூறு வருடம் ஆகும் ஆண்டு அது, சிந்தசைஸரில் எதிர்காலத்தை வாசித்திருப்பார். அரசியலில் அவ்வளவாகத் தலையைக் கொடுக்கவில்லை. பின்னாளில் டி.வி.யில் குழந்தைகளோடு நிகழ்ச்சி நடத்தி நாட்டுக்கே அண்ணன் ஆகிவிட்டார். 1999ல் போய்விட்டார். இஸ்தான்புல் மோடாவில் அவர் வீடு இப்போது மியூசியம். அந்த 2023ஐ எர்கின் பாபா பார்த்தார், ஆனால் அவரும் அந்த ஆகஸ்டில் கனடாவில் கண்ணை மூடினார்.

ராத்திரிஷிப்ட்:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், ஷிப்ட் மாறிவிட்டது.

‘எலக்ட்ரானிக் துர்க்கூலர்’ முழுவதும் கேட்டேன். சில பாட்டு எனக்கு ஏறவில்லை, உண்மையைச் சொன்னால் ஆல்பத்தில் பாதிதான் ஏறியது. செல்டா முழுவதும் ஏறியது. நாலாங்கட்டை சொன்ன ஒன்பதைப் பஸ்ஸில் தொடையில் தட்டிப் பார்த்தேன், பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போய்விட்டார். கராஜ் பையன் பாட்டையும் கேட்டேன், நடுவில் பாடாமல் பேசுகிறாரே, அந்த இடத்தில் என்ன சொல்கிறார் என்று கொலோன் அண்ணா எழுதியதால் மட்டும்தான் தெரிந்தது, ஆனால் தெரியாவிட்டாலும் பிடித்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அம்மாவிடம் ஃபோனில் ஸ்பீக்கரைப் போட்டு ‘ஜெமாலிம்’ கேட்க வைத்தேன். எதுவும் சொல்லவில்லை, சும்மா கேளுங்கள் என்றேன். குரல் வரும்வரை ‘என்னடா இது இரைச்சல்’ என்றாள். பாட ஆரம்பித்ததும் சத்தமே இல்லை. முடிந்த பிறகு ‘செத்தது யாரு, புருசனா?’ என்று கேட்டாள்.

ஒரே ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. கிட்டார் இல்லாமல், எர்கின் கோராய்க்கு முன்னால் யாராவது இதைப் பாடி ரெக்கார்டு ஆகியிருக்கிறதா? அம்மாவுக்கு அந்த இரைச்சல் இல்லாமல் வேண்டுமாம்.

நாலாங்கட்டை:

இருக்கிறது. ரெஃபிக் பஷாரான் என்று தேடுங்கள், அவர் அந்த உர்குப்காரரேதான், 78 சுற்றுத் தட்டு காலத்தவர். ஒரு சாஸும் குரலும் மட்டும். தட்டு தேய்ந்த சத்தம் நிறைய இருக்கும், அதையும் இரைச்சல் என்று அம்மா சொன்னால் என்னைத் திட்டக் கூடாது.